பொறித்த முகமும் பெயரில்லாத கைகளும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய உரையை ஒரு படத்திலிருந்து தொடங்கலாம் என்று எண்ணுகிறேன். படம் என்றதும் திரைப்படத்தை நினைத்துவிடாதீர்கள். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிற படம். சில காலத்துக்கு முன்னர் கிளிநொச்சியில் ஒரு ஸ்ரூடியோவில் அதைக் கண்டேன்.

அன்று நான் அயலிலுள்ள ஒரு தாயாருக்குத் துணையாகப் போயிருந்தேன். அவருடைய மகன் என்னிடம் படித்தவன். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. இடப்பெயர்வுகளோடு அந்த வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. செட்டிகுளம் முகாமுக்கு ஒரு பொலித்தீன் பையோடு வந்து சேர்ந்த குடும்பம் அது. க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை எடுப்பதற்காக 2006 இல் பிடித்த படத்தில் மிஞ்சிய ஒரேயொரு பிரதி அந்தப் பைக்குள் இருந்தது. முத்திரையைவிடக் கொஞ்சம் பெரியது. அந்த அடையாள அட்டை விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தவன் நான்தான். அதைப் பெருப்பித்துச் சட்டம் போடக் கொடுத்திருந்தார். அன்றைக்கு எடுத்து வரவேண்டும்.

கடைக்குள் நுழைந்ததும் சுவரோடு சாத்தி வைத்திருந்த ஒரு பெரிய படம் கண்ணிற் பட்டது. மூன்றடி அகலம், நாலடி உயரம் இருக்கும். கன்வஸ் துணியில் அச்சடித்து மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அடர்ந்த தாடியுடைய ஒரு வெள்ளைக்காரர். நிறம் இல்லை, முழுவதும் கறுப்புக் கோடுகள். கன்னத்தில் வளைந்த கோடுகள், நெற்றியில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், தாடியில் மயிருக்கொன்றாகக் கோடு. பழைய ஆங்கிலப் புத்தகங்களின் முகப்பில் நாங்கள் பார்த்திருக்கிற செதுக்கோவியம் அது.

தாயார் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

“உவர் ஆர் தம்பி? பிள்ளையளே பெருப்பிக்கக் குடுத்தது?” என்று கடைப் பொடியனைக் கேட்டார்.

“இல்லையம்மா. உவர் வெள்ளைக்காரன். பேக்கராம். ஒரு விருந்தினர் விடுதி முன்மண்டபத்துக்கு ஓடர் தந்தவை. அந்தக் காலத்திலை இஞ்சை வந்து யானை சுட்டவராம்.”

“சுட்டவருக்கோ படம்?” என்று சொல்லிவிட்டு அவர் வாங்கில் போய் உட்கார்ந்தார்.

நேயர்களே, அவருடைய இரண்டாவது கேள்வியைவிட முதற் கேள்விதான் என்னை அன்று முழுவதும் விடவில்லை. ஒரு முகத்தைப் பெருப்பித்துச் சுவரில் மாட்டுவதென்றால் அதைச் செய்விப்பது பிள்ளைகளாக, அல்லது பெற்றவர்களாக இருக்கவேண்டும் என்பது அவருடைய எண்ணம். வன்னியில் இன்று பெரும்பாலான வீடுகளின் எண்ணமும் அதுதான். அப்படியிருக்க, உறவு எதுவும் இல்லாத ஒருவருடைய முகம் நூற்றைம்பது ஆண்டுகள் கழித்தும் மயிரிழை பிசகாமல் எங்கள் ஊருக்கு வந்து சேருகிறது. எங்கள் பிள்ளையின் முகமோ ஒரு முத்திரைத் துண்டில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இது எப்படி நேர்ந்தது?

முதலில் அந்த மனிதர் யார் என்று பார்ப்போம். சாமுவேல் பேக்கர் 1821 இல் இலண்டனில் பிறந்தவர். 1840களில் இலங்கைக்கு வந்து, 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் பண்ணை அமைத்துக் குடியிருந்தார். ஓட்டன் சமவெளிக்குச் சுற்றுலா போனவர்கள் பேக்கர் அருவியைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பேக்கர் இவர்தான். இங்கிருந்து போன பின்னர் ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார். 1864 மார்ச் மாதத்தில் ஒரு பெரிய ஏரியைக் கண்டார். அந்த ஏரிக்கு அங்குள்ளவர்கள் வழங்கிய பெயர் லூற்றா நிசிகே என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். எழுதி வைத்துவிட்டு, விக்ரோறியா மகாராணியாரின் காலமான கணவரின் பெயரை அதற்குச் சூட்டினார். இன்றும் அது அல்பேட் ஏரிதான். 1866 இல் அவருக்கு ‘சேர்’ பட்டம் கிடைத்தது. அதே ஆண்டு அவர் வெளியிட்ட பயணநூல், வரைபடங்களும் உருவப்படங்களும் உள்ளதென்று தன் முகப்புப் பக்கத்திலேயே அறிவித்துக்கொண்டு வந்தது.

அந்தக் காலத்தில் ஓர் உருவப்படத்தைப் புத்தகத்தில் இடுவது லேசான காரியமல்ல. புகைப்படம் எடுக்கத் தெரிந்திருந்தார்கள். ஆனால் புகைப்படத்தை எழுத்துக்களோடு சேர்த்து அச்சடிக்கிற முறை 1880களுக்குப் பின்னர்தான் பரவலாயிற்று. அதுவரை புகைப்படத்தைப் பார்த்து ஒரு கைவினைஞர் உருக்குத் தகட்டிலோ மரக்கட்டையிலோ முகத்தைச் செதுக்கவேண்டும். தகட்டில் உளியால் கீறிய பள்ளத்தில் மை நிற்கும். ஈரக் கடதாசியை வைத்து அழுத்தினால் கோடு பதியும். நிழல் வேண்டிய இடத்தில் கோடுகளை நெருக்கவேண்டும், வெளிச்சம் வேண்டிய இடத்தில் விலக்கவேண்டும். மரக்கட்டையென்றால் ‘பொக்ஸ்’ எனப்படும் மிக இறுகிய மரத்தைக் குறுக்காக அறுத்து எடுப்பார்கள். அந்த மரம் பருமனாக வளராது. ஆகையால் பெரிய படத்துக்குப் பல சிறு கட்டைகளைப் பின்புறத்தில் திருகாணி போட்டுப் பிணைப்பார்கள். 1842 இல் தொடங்கிய ‘இல்லஸ்ரேற்றட் லண்டன் நியூஸ்’ போன்ற வாரப் பத்திரிகைகளுக்கு அவசரம் அதிகம். அப்போது கட்டைகளைக் கழற்றி ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, இரவோடிரவாகச் செதுக்குவிப்பார்கள். பின்னர் கட்டைகளைச் சேர்த்து, கோடுகள் சந்திக்கும் இடங்களைத் தலைமைக் கைவினைஞர் சரிபார்ப்பார்.

ஒரு பிரபலமான முகத்துக்காக எத்தனை கைகள் உழைத்திருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அந்த உழைப்பினால்தான் அந்தப் படம் இன்றும் கெடாமல் நிற்கிறது. கோடு எவ்வளவு பெருத்தாலும் கோடாகவே இருக்கும். உள்ளங்கை அகலப் படத்தை நாலடியாக்கினாலும் தாடியில் ஒரு மயிர் குறையாது. அடையாள அட்டைப் படமோ பெருப்பிக்கப் பெருப்பிக்கக் கலங்கி, கடைசியில் கண் எது, நிழல் எது என்று தெரியாத புள்ளிகளாகக் கரைந்துவிடும்.

இனி அவருடைய எழுத்துக்கு வருவோம். இது இலக்கிய நிகழ்ச்சியல்லவா? இலங்கையைப் பற்றிப் பேக்கர் இரண்டு நூல்கள் எழுதினார். ‘இலங்கையில் துவக்கும் வேட்டைநாயும்’ என்று பொருள்படும் தலைப்புடைய நூல் 1854 இலும், இலங்கையில் எட்டு ஆண்டுகள் அலைந்ததைக் கூறும் நூல் 1855 இலும் வெளிவந்தன. மின்னேரியாவும் பொலனறுவையும் மலைநாடும் அவற்றில் வருகின்றன. நல்ல ஓட்டமான நடை. காட்டின் காலைப் பொழுதை, யானைக் கூட்டம் மூங்கிலை முறிக்கும் ஓசையை, வாசிப்பவர் அங்கே நிற்பதுபோல எழுதக்கூடியவர். இடிந்து கிடந்த பெருங் குளங்களைப் பார்த்து, இவற்றைத் திருத்தினால் இந்த நாடு மீண்டும் சோறு போடும் என்றும் எழுதினார். குளத்தை நம்பி வாழ்கிற வன்னியிலிருந்து வாசிக்கும்போது அந்தப் பக்கங்களுக்காக அவரை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அதே நூல்களில் இன்னொன்றையும் கவனியுங்கள். பேக்கர் மரை வேட்டைக்கு நாய்க்கூட்டம் வைத்திருந்தார். அந்த நாய்களுக்குப் பெயர் உண்டு. ஸ்மட், கில்பக், பிரான், புளூபியேட் என்று அவை பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. எது எந்த மரையை எந்த ஆற்றில் மறித்தது, எது எப்படிக் காயப்பட்டுச் செத்தது என்பதெல்லாம் தெரிகிறது. வாசித்து முடிக்கிறபோது ஸ்மட் என்ற நாய் எங்களுக்குப் பழகிய நாய்போல ஆகிவிடுகிறது. ஆனால் யானையின் அடி பார்த்து வழி சொன்னவர், துவக்குச் சுமந்தவர், கூடாரமும் அரிசி மூட்டையும் காவியவர் ஆகியோரிற் பெரும்பாலானவர்கள் ‘அடி பார்ப்பவன்’, ‘கூலி’ என்ற சொற்களோடு முடிந்துவிடுகிறார்கள். காட்டை வாசிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். காட்டைப் பற்றி எழுதப்பட்ட புத்தகத்தில் அவர்களுடைய பெயர் இல்லை.

பேக்கருக்கு மனிதரைப் பார்க்கத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. ஆபிரிக்கப் பயணத்தில் சாத் என்றொரு சிறுவன் அவரோடும் அவருடைய துணைவியார் புளோரன்ஸ் அம்மையாரோடும் கூடப் போனான். சிறு வயதிலேயே பெற்றோரிடமிருந்து கவர்ந்து செல்லப்பட்ட பிள்ளை அவன். ஏரி வரைக்கும் போய்த் திரும்பி வருகையில், 1865 இல் நைல் நதிப் படகில் கொள்ளைநோய் கண்டு அவன் இறந்தான். பேக்கர் அவனுடைய பெயரை எழுதினார், குணத்தை எழுதினார், மரணத்தையும் மனம் நொந்து எழுதினார். ஆகையால் இன்று கிளிநொச்சியில் இருந்துகொண்டு நான் சாத் என்ற பெயரைச் சொல்ல முடிகிறது. ஒரு பெயரை எழுதி வைக்க ஒரு வரி போதும். அந்த ஒரு வரி எழுதப்பட்டால் பிள்ளை இருக்கிறான், எழுதப்படாவிட்டால் இல்லை.

அந்தக் காலத்து நாடாய்வாளர்களிற் பெரும் புகழ் பெற்ற லிவிங்ஸ்ரனின் கதையும் இதையே சொல்கிறது. 1873 இல் ஆபிரிக்காவின் நடுவில் அவர் இறந்தார். சூமா, சூசி முதலிய அவருடைய ஆட்கள் உடலைப் பதப்படுத்தி, மாதக் கணக்கில் நடந்து, கடற்கரை வரைக்கும் காவி வந்து சேர்த்தார்கள். 1874 ஏப்ரலில் இலண்டன் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்தக் கல்லறையில், நிலமும் கடலும் கடந்து விசுவாசமான கைகள் அவரைக் கொண்டுவந்தன என்று பொருள்படப் பொறித்திருக்கிறார்கள். கைகள் என்றுதான் இருக்கிறது. அந்தக் கைகளுக்கு உரியவர்களின் பெயர் அங்கே இல்லை.

நேயர்களே, கல்லில் பொறிப்பது எங்களுக்குப் புதியதொன்றல்ல. போரில் விழுந்தவனுக்குக் கல் நடுகிற வழக்கம் எங்களிடம் இருந்தது. கல்லைத் தேர்ந்தெடுப்பதிலிருந்து அதை வாழ்த்துவது வரைக்கும் அதற்குரிய படிமுறைகளைத் தொல்காப்பியம் புறத்திணையில் வகுத்திருக்கிறது. அந்தக் கல்லில் அவனுடைய பெயரையும் அவன் செய்த செயலையும் எழுதவேண்டும் என்பது மரபு. அரசனுக்கு மட்டும் உரிய மரியாதை அன்று அது. ஊர் மாட்டைக் கவர வந்தவர்களை மறித்துச் செத்த சாதாரண மறவனுக்கும் கல் உண்டு, பெயர் உண்டு. பெயரில்லாமல் ஒரு கல்லை நடுவது அவனை இரண்டாம் முறை சாகவிடுவது போன்றது என்று எங்கள் முன்னோர் உணர்ந்திருக்கவேண்டும்.

அப்படியிருந்தும் எங்கள் பண்டாரவன்னியனுக்கு நடந்ததைப் பாருங்கள். 1803 ஓகஸ்ட் 25 ஆம் திகதி முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கி, ஆங்கிலேயரை வெளியேற்றியவன் அவன். அதே ஆண்டு ஒக்டோபர் 31 ஆம் திகதி, ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேக் அவனைத் தோற்கடித்தான். அந்தத் தோல்வியைச் சொல்லும் கல், ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டு அங்கே நாட்டப்பட்டது. வென்றவனைப் புகழ வந்த கல்தான், தோற்றவனின் பெயரையும் இடத்தையும் நாளையும் எங்களுக்கு மிச்சம் வைத்தது. ஆனால் அவனுடைய முகத்தை அந்தக் காலத்தில் யாரும் வரைந்து வைக்கவில்லை. வவுனியா நகரில் வாளோடு நிற்கும் சிலையின் முகம், பின்னால் வந்த ஒரு கலைஞனின் கற்பனையிற் பிறந்த முகம். நாங்கள் அதற்கு மாலை போடுகிறோம், போடத்தான் வேண்டும். ஆனால் அவனைப் பெற்றவள் இன்று வந்து பார்த்தால், இது என் பிள்ளைதான் என்று சொல்வாளா என்பது யாருக்கும் தெரியாது.

இந்த நினைவுகளோடுதான் அன்று ஸ்ரூடியோ வாங்கில் அந்தத் தாயாருக்குப் பக்கத்தில் இருந்தேன். பொடியன் படத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். கெட்டிக்காரப் பொடியன். கலங்கிய புள்ளிகளைக் கணினியில் அழுத்தி, தோலை மினுக்கி, கண்ணுக்கு ஒளி கொடுத்து, கழுத்துக்குக் கீழே ஒரு கோட்டும் ரையும் போட்டிருந்தான். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கலியாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

தாயார் கனநேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “மாஸ்ரர், காயத்தைக் காணேல்லை” என்றார்.

எனக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. இடது புருவத்துக்கு மேலே ஒரு வெட்டுக்காயம். பள்ளிக்கூட விளையாட்டுத் திடலில் விழுந்து எழும்பி, இரத்தம் ஒழுக ஒழுகச் சிரித்துக்கொண்டு என்னிடம் வந்தவன் அவன். அந்த அடையாளத்தைக் கணினி ஓர் அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிட்டது.

“அம்மா, அது வடிவில்லை எண்டு எடுத்தனான்” என்றான் பொடியன்.

“வடிவு வேண்டாம் ராசா. நாளைக்கு ஆரும் பாத்தால், இவன்தான் எண்டு அறியவேணும்.”

இலக்கியம் செய்யவேண்டிய வேலையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லக்கூடிய விமர்சகரை நான் சந்தித்ததில்லை. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் படங்களை ஏந்திக்கொண்டு வீதியோரத்தில் அமர்ந்தார்கள். ஆண்டுகள் கடந்தும் அந்தப் போராட்டம் தொடர்ந்தது. வெயிலில் அந்தப் படங்கள் வெளிறின. மழையில் ஊறின. திரும்பத் திரும்பப் பிரதி எடுத்தார்கள். ஒவ்வொரு பிரதியிலும் முகம் கொஞ்சம் மங்கியது. உருக்குத் தகட்டில் செதுக்கி வைக்க அவர்களுக்கு யாரும் இல்லை. அந்தத் தாய்மாரே தகடு. அவர்களுடைய நினைவில்தான் அந்தக் கோடுகள் இருக்கின்றன. அவர்களிற் பலர் பிள்ளையைக் காணாமலேயே கண்மூடிவிட்டார்கள்.

ஆகவே எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கதை எழுதுங்கள், கவிதை எழுதுங்கள். அவற்றோடு, உங்கள் ஊரில் ஒரு தாய் சொல்லுகிற புருவத்துக் காயத்தையும் பெயரோடும் ஊரோடும் எழுதி வையுங்கள். கோட்டும் ரையும் போட்டு மினுக்க வேண்டாம். உண்மையான வீரனாகவோ அப்பாவியாகவோ காட்டவேண்டும் என்று முகத்தைத் திருத்த வேண்டாம். நூற்றைம்பது ஆண்டுக்குப் பின் எங்கள் பேரப்பிள்ளைகள் ஒரு புத்தகத்தைத் திறந்தால், அங்கே வேட்டைநாய்களின் பெயர்கள் மட்டும் இருக்கக்கூடாது.

பொடியன் பொறுமையாக உட்கார்ந்து, முதலில் எடுத்த பிரதியைத் திரும்பத் திறந்து, காயத்தை மீட்டுக் கொடுத்தான். கோட்டை எடுத்துவிட்டுப் பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டையே விட்டான். முகம் கொஞ்சம் கலங்கலாக இருந்தாலும் அவன் வந்துவிட்டான். கீழே பெயரை அடித்தான். எங்கள் வீட்டுப் படங்களில் வழமையாக இருக்குமே, தோற்றம், மறைவு என்று இரண்டு திகதிகள். அதற்கும் இடம் விட்டிருந்தான்.

“தோற்றம் சொல்லுங்கோ அம்மா.”

சொன்னார்.

“மறைவு?”

தாயார் ஒன்றும் சொல்லவில்லை. பொடியன் என்னைப் பார்த்தான். நான் அந்தத் தாயாரைப் பார்த்தேன்.

“அதைப் போடாதை தம்பி” என்றார். “பேரும் பிறந்த நாளும் காணும்.”

படத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்து, மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். சுவரோடு சாத்தியிருந்த கன்வஸ் படத்தின் பக்கம் நான் ஒருதரம் திரும்பிப் பார்த்தேன். அதன் கீழே பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டிருப்பார்கள்.